ஹாரோகேட் போறீங்களா? கந்தகத் தண்ணி ஊரை வரிசையா சுத்திப் பாக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துல ஸ்பா டவுன் பாக்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் பாத் போன்னுதான் சொல்லுவாங்க, ரோமானியர் கட்டின குளியல் மண்டபம், வெந்நீர் ஊத்து, மஞ்சக் கல்லு கட்டடம்னு எல்லாம் அங்க இருக்கு, போங்க, நல்லாத்தான் இருக்கும். ஆனா வடக்க யார்க்‌ஷயர்ல ஹாரோகேட்னு ஒரு ஊர் இருக்கு. இங்க வர்றது வெந்நீர் இல்ல, பச்சத்தண்ணி, அதுலயும் பாதி ஊத்துல கிட்ட போனாலே மூக்கப் பொத்திக்கணும். அந்தத் தண்ணிய வச்சே இந்த ஊரு முன்னூறு வருஷத்துக்கு மேல சம்பாதிச்சிருக்கு, ஐரோப்பாவுல பாதி ராஜ குடும்பம் இங்க வந்து காலைல எழுந்து கண்ண மூடிக்கிட்டு அதக் குடிச்சிட்டுப் போயிருக்கு. எனக்கு பாத்த விட இந்த ஊர் கதைதான் சுவாரசியம்.

இங்க வர்றவங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா ரயில்ல இறங்கி நேரா பெட்டிஸ் டீக்கடை வாசல்ல வரிசைல நிக்கிறது, ஒரு கேக்கு ஒரு டீ, அப்புறம் பூங்காவுல நாலு போட்டோ, சாயங்காலம் ரிட்டர்ன். அப்படிப் பாத்தா இது ஒரு பணக்கார ஊரு, அழகான ஊரு, அவ்ளோதான் தோணும். நான் சொல்ற முறை வேற. தண்ணி எந்த வரிசைல கண்டுபிடிச்சாங்களோ அந்த வரிசைலயே நடங்க. மேட்டுல இரும்புத் தண்ணி ஊத்துல ஆரம்பிச்சு, கீழ இறங்கி கந்தக ஊத்துக்கு வந்து, அப்புறம் பூங்கா, கடைசியா துருக்கிக் குளியல். இப்படி நடந்தா ஊர் ஏன் இப்படி வளைஞ்சு நெளிஞ்சு இருக்கு, நடுவுல ஏன் இவ்ளோ பெரிய புல்வெளி சும்மா கெடக்கு, டாஃபி மிட்டாய் ஏன் இங்க ஃபேமஸ் ஆச்சு எல்லாத்துக்கும் தானா பதில் கெடைச்சிரும்.

போறதுக்கு முன்னாடி

லண்டன் கிங்ஸ் கிராஸ்ல இருந்து நேரடி ரயில் இருக்கு, சுமார் மூணு மணி நேரம். நேரடி ரயில் கிடைக்கலன்னா லீட்ஸ் இல்ல யார்க் வந்து மாறிக்கலாம், ரெண்டுல எங்க இருந்து வந்தாலும் ஹாரோகேட் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. லீட்ஸ்ல இருந்து 36ஆம் நம்பர் பஸ்ஸும் வருது, அது ஹாரோகேட் தாண்டி ரிப்பன் வரைக்கும் போகும். மாடில முன் சீட் கெடைச்சா ரயில விட பஸ்ஸுதான் நல்லாருக்கும்னு நான் சொல்லுவேன், வழியெல்லாம் வயலும் கல்லுச் சுவரும்தான்.

எப்ப போறதுன்னா மார்ச்ல போனா புல்வெளி முழுக்க குரோக்கஸ் பூ ஊதாவும் வெள்ளையும் மஞ்சளுமா பூத்துக் கெடக்கும், அதுக்காகவே வர்றவங்க இருக்காங்க. ஜூலைல கிரேட் யார்க்‌ஷயர் ஷோன்னு பெரிய விவசாயக் கண்காட்சி நடக்கும், ஆடு மாடு குதிரை எல்லாம் வரும், அதே மாசம் துப்பறியும் நாவல் எழுத்தாளர்களோட விழாவும் நடக்கும், அந்த நாள்ல ரூம் வாடகை எகிறிடும், கிடைக்கிறதும் கஷ்டம். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிரும், அத மனசுல வச்சுக்கங்க. எந்த மாசம் போனாலும் மழைக்கோட்டு ஒண்ணு பையில இருக்கட்டும், நல்ல ஷூ போடுங்க, ஊரே மேடு பள்ளம்.

துருக்கிக் குளியலுக்கு மட்டும் முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிருங்க. ஆண்களுக்கு, பெண்களுக்கு, எல்லாருக்கும் சேத்துன்னு தனித்தனி நேரம் இருக்கு, வாரத்துல எந்த நாள் எதுன்னு அவங்க வெப்சைட்ல பாத்துட்டுத்தான் பயணத் தேதியையே முடிவு பண்ணணும். மொதல்ல டிக்கெட் போட்டுட்டு அப்புறம் இதப் பாத்தீங்கன்னா நேரம் ஒத்து வராம போகும்.

படி 1: ஸ்டேஷன்ல இருந்து ட்யூவிட் ஊத்துக்கு

ஸ்டேஷன்ல இறங்கினதும் எல்லாரும் மேற்க கடைத்தெருவுக்குப் போவாங்க, நீங்க தெக்கால நடங்க. கால் மணி நேரத்துல பெரிய புல்வெளிக்கு வந்துருவீங்க. இதுக்குப் பேரு ஸ்ட்ரே. அதுல ஒரு ஓரமா தூண் வச்ச, மேல குவிமாடம் போட்ட சின்ன மண்டபம் தெரியும், அதான் ட்யூவிட் வெல். ட்யூவிட்ங்கறது இந்தப் பக்கம் ஆள்காட்டிக் குருவிக்குப் பேரு, அந்தக் குருவி கூட்டமா வந்து இறங்குற சதுப்பு நெலமாத்தான் இது இருந்துது.

1571ல வில்லியம் ஸ்லிங்ஸ்பின்னு ஒருத்தர் இங்க தண்ணி குடிச்சுப் பாத்திருக்கார். அவர் அதுக்கு முன்னாடி பெல்ஜியத்துல ஸ்பாங்கற ஊருக்குப் போயி அங்க வைத்தியத் தண்ணி குடிச்ச ஆளு, இந்தத் தண்ணியும் அதே இரும்பு ருசில இருக்கேன்னு அவருக்குப் பொறி தட்டுச்சு. அப்புறம் டிமோத்தி பிரைட்ங்கற டாக்டர் இத இங்கிலீஷ் ஸ்பான்னு கூப்பிட ஆரம்பிச்சார், 1626ல எட்மண்ட் டீன்னு யார்க்ல இருந்த இன்னொரு டாக்டர் இந்தத் தண்ணியப் பத்தி ஒரு புத்தகமே போட்டுட்டார். இன்னைக்கு ஒலகம் பூரா மசாஜ் பண்ற கடைக்குக்கூட ஸ்பான்னு போர்டு வைக்கிறாங்களே, அந்தப் பேரு இங்கிலாந்து மண்ணுல மொதல்ல ஒட்டினது இந்தச் சேத்து மேட்டுலதான்.

மண்டபத்தப் பத்தி ஒரு சின்ன விஷயம், பல பேருக்குத் தெரியாது. இந்தக் குவிமாடம் இங்க கட்டினதே இல்ல. 1800கள் ஆரம்பத்துல கீழ ஊர்ல கந்தக ஊத்துக்கு மேல நின்னுக்கிட்டு இருந்தது, அங்க பெருசா புதுக் கட்டடம் வந்ததும் இத கழட்டி எடுத்துட்டு வந்து 1842ல இங்க வச்சுட்டாங்க. தண்ணி இப்ப கெடையாது, கம்பி வேலி போட்டு மூடி இருக்கும், சுத்தி நடந்து பாக்கலாம். பாக்க பெருசா ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷம் போதும், ஆனா இங்க இருந்து ஆரம்பிச்சாத்தான் மிச்ச கதைக்கு அர்த்தம் வரும்.

படி 2: ஸ்ட்ரே புல்வெளில நடை

ட்யூவிட்ல இருந்து வடகிழக்கா புல்வெளி ஓரமாவே நடங்க. இந்த ஸ்ட்ரே மொத்தம் 200 ஏக்கர், ஊரோட தெக்கையும் கிழக்கையும் வளைச்சுக்கிட்டுப் போகுது. லண்டன்ல பூங்கா இருக்கிறது பெரிய விஷயம் இல்ல, அங்க ராஜா வேட்டையாடுன காடு அது. இங்க கதை வேற. 1770ல இந்தப் பக்கத்துக் காட்டு நெலத்த எல்லாம் வேலி போட்டு தனியாருக்குப் பிரிச்சுக் குடுக்க பார்லிமெண்ட்ல சட்டம் போட்டாங்க. அந்தக் காலத்துல இங்கிலாந்து பூரா இதே கூத்துதான், பொது நெலம் எல்லாம் பணக்காரன் கைக்குப் போயிருச்சு, மாடு மேய்ச்சுப் பொழச்சவன் தெருவுக்கு வந்தான். ஆனா ஹாரோகேட்ல தண்ணி குடிக்க வர்ற கூட்டம் நடமாட எடம் வேணும், ஊத்துக்குப் போற வழி அடைபடக் கூடாதுன்னு கேட்டு, 1778ல வந்த தீர்ப்புல 200 ஏக்கர் எல்லாருக்கும் எப்பவும் திறந்தே இருக்கணும்னு எழுதி வாங்கிட்டாங்க. அதனால இன்னைக்கும் இதுல ஒரு துண்ட ரோட்டுக்கோ வேற எதுக்கோ எடுத்தா அதே அளவு நெலத்த வேற எடத்துல சேத்துக் குடுத்தாகணும். ரயில் வந்தப்போகூட தண்டவாளத்தப் பள்ளம் தோண்டி உள்ளாறதான் கொண்டு போனாங்க, பாத்தீங்கன்னா தெரியும்.

ஊர்க்காரங்க இந்தப் புல்லு விஷயத்துல ரொம்ப ரோஷக்காரங்க. 2014ல டூர் டி ஃப்ரான்ஸ் சைக்கிள் ரேஸோட மொத நாள் ஓட்டம் லீட்ஸ்ல கெளம்பி இங்கதான் முடிஞ்சுது, அப்ப எல்லாருக்கும் சந்தோஷம். 2019ல உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் நடத்தினப்போ மழை கொட்டி, வந்த கூட்டம் மிதிச்சு, ஸ்ட்ரேல ஒரு பகுதி சேறாப் போயிருச்சு, அது பெரிய சண்டையாச்சு. உள்ளூர்ல யாரு கிட்டயாவது பேச்சு குடுக்கணும்னா இந்தப் பேச்ச எடுங்க, அப்புறம் அவங்களே நிறுத்த மாட்டாங்க.

நடந்து வெதர்பி ரோடு பக்கம் வந்தா செயின்ட் ஜான்ஸ் வெல்னு எட்டுப் பக்கமா இன்னொரு சின்னக் கட்டடம். இது 1631ல மைக்கேல் ஸ்டான்ஹோப்ங்கற டாக்டர் கண்டுபிடிச்சது, இதுவும் இரும்புத் தண்ணிதான். இந்த ரெண்டு ஊத்தையும் சுத்தி வளந்ததுதான் ஹை ஹாரோகேட், அதாவது மேல் ஊரு. பழைய காலத்துல பெரிய பெரிய விடுதிங்க எல்லாம் இங்கதான்.

அந்த விடுதிங்கள்ல ராத்திரி டான்ஸுக்கு ஃபிடில் வாசிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தரப் பத்தி சொல்லியே ஆகணும். பேரு ஜான் மெட்காஃப், பக்கத்து ஊரு நேர்ஸ்பரோல 1717ல பொறந்தவர், ஆறு வயசுல அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போயிருச்சு. கண்ணு தெரியாதவரு நீச்சல் அடிப்பாரு, குதிர ஓட்டுவாரு, வேட்டைக்குப் போவாரு. பின்னாடி கிரான்பின்னு பேர் வாங்குன விடுதிக்காரரோட பொண்ணு டாலிக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் நிச்சயமாகி, மறுநாள் முகூர்த்தம்ங்கறப்போ மொத நாள் ராத்திரி இவரு அந்தப் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயி கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அதோட நிக்கல, 1765ல இருந்து ரோடு காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பிச்சு, கைத்தடியால தட்டித் தட்டி மண்ணப் பாத்தே வடக்கு இங்கிலாந்துல சுமார் 180 மைல் ரோடு போட்டிருக்காரு. சதுப்பு நெலத்துல புதர்ச் செடியக் கட்டுக் கட்டாப் போட்டு அதுக்கு மேல ரோடு போடுற முறை இவருக்குக் கைவந்த கலை. ஹாரோகேட்டுக்கு வண்டி கட்டிக்கிட்டு கூட்டம் வர ஆரம்பிச்சதுக்கு இந்த மாதிரி ரோடும் ஒரு காரணம். இவரு செல நேர்ஸ்பரோ சந்தைல பெஞ்சுல ஒக்காந்த மாதிரி இருக்கு, அங்க போறப்போ பக்கத்துல ஒக்காந்து போட்டோ எடுத்துக்கங்க.

படி 3: கீழ இறங்கி ராயல் பம்ப் ரூம்

இப்ப ஊருக்குள்ள வந்து, கடைத்தெரு தாண்டி, மான்ட்பெல்லியர் சரிவுல கீழ இறங்குங்க. வாசனை வருதான்னு கவனிங்க, சில நாள்ல தெருவுலயே வரும். அழுகுன முட்டை வாசனை. பச்சையான குவிமாடமும் எட்டுப் பக்கமும் உள்ள கட்டடம், அதான் ராயல் பம்ப் ரூம், 1842ல தெறந்தது. இதுக்குக் கீழ இருக்கிற கந்தக ஊத்து, குடிக்கிற கந்தகத் தண்ணில ஐரோப்பாவுலயே காட்டமானதுன்னு ஊர்க்காரங்க பெருமையாச் சொல்லுவாங்க.

கட்டடம் வர்றதுக்கு முன்னாடி இங்க பெட்டி லப்டன்னு ஒரு பாட்டி ஒக்காந்து குவளைல மொண்டு மொண்டு குடுத்துக்கிட்டு இருந்தாங்க, ஊத்துகளோட ராணின்னே அவங்களுக்குப் பட்டப்பேரு. பெரிய மண்டபம் கட்டி காசு வாங்க ஆரம்பிச்சப்போ ஏழைங்க எங்க போவாங்கன்னு கேள்வி வந்துது. அதுக்காக கட்டடத்துக்கு வெளிய ஒரு குழாய் வச்சு அதுல கந்தகத் தண்ணி எல்லாருக்கும் இலவசமாக் குடுக்கணும்னு சட்டத்துலயே எழுதினாங்க. உள்ள காசு குடுத்தா கண்ணாடி டம்ளர், உக்கார நாற்காலி, பேச நாலு பிரபு. வெளிய இலவசம், ஆனா நாத்தம் ஒண்ணுதான். அந்தக் குழாய் இன்னும் வெளிய இருக்கு, குடிக்க வேண்டாம்னு இப்ப போர்டு போட்டிருக்காங்க, சுகாதார விதி.

அந்தக் காலத்து வைத்தியம் எப்படின்னா, காலைல ஏழு மணிக்கெல்லாம் வெறும் வயித்துல இங்க வந்து ரெண்டு மூணு டம்ளர் குடிக்கணும், ஒரு டம்ளருக்கும் இன்னொரு டம்ளருக்கும் நடுவுல நடக்கணும், பேண்டு வாத்தியம் ஓடும், அப்புறம்தான் ரூமுக்குப் போயி காலைச் சாப்பாடு. தண்ணில உப்பும் கந்தகமும் இருக்கிறதால வயித்தப் புரட்டிப் போட்டு நல்லா பேதியாக்கும், அதையே மருந்துன்னாங்க. மூட்டு வலி, கவுட், தோல் நோய், ஈரல் கோளாறுன்னு எல்லாத்துக்கும் இதுதான். 1926ல ஒரே நாள் காலைல 1,500 டம்ளர் வரைக்கும் குடுத்திருக்காங்கன்னு கணக்கு இருக்கு. என்னையக் கேட்டா, வருஷம் பூரா கறியும் ஒயினுமா முழுங்குன பிரபுக்கள நேரத்துக்கு எழுப்பி, நடக்க வச்சு, சாப்பாட்டக் கொறைச்சு, மூணு வாரம் சுத்தமான காத்துல வச்சா பாதி நோய் தானாப் போயிரும், தண்ணி பேர வாங்கிக்கிச்சு.

இப்ப உள்ள மியூசியம், 1953ல இருந்து. பழைய குளியல் சாமான், மண்ணுக் குளியல் தொட்டி, மின்சார வைத்தியக் கருவி எல்லாம் இருக்கும். சம்பந்தமே இல்லாம எகிப்து மம்மிச் சாமான் சேகரிப்பும் ஒண்ணு இருக்கு, அதுல நரித் தலை அனுபிஸ் முகமூடி இருக்கு, அத விட்டுராதீங்க. தெறக்குற நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், போறதுக்கு மொத நாள் பாத்துக்கங்க.

வெளிய வந்ததும் மான்ட்பெல்லியர்லயே ஃபாராஸ் டாஃபி கடை இருக்கு. 1840ல ஜான் ஃபாரா இந்த மிட்டாய ஆரம்பிச்சதே கந்தகத் தண்ணி குடிச்ச வாய்க்கு ருசி மாத்தத்தான். நீலமும் வெள்ளியுமா இருக்கிற தகர டப்பாவுல வரும், லேசா எலுமிச்சை வாசனை இருக்கும், பல்லுல ஒட்டும். ஊருக்கு எதாவது வாங்கிட்டுப் போகணும்னா இதையே வாங்குங்க, ஏர்போர்ட்ல பிரச்சினை வராது, கெட்டும் போகாது. மார்க்கெட்ல ஹாரோகேட் ஸ்பிரிங் வாட்டர்னு பாட்டில் வருதே அது இந்தக் கந்தகத் தண்ணி இல்ல, பயப்படாம குடிக்கலாம்.

படி 4: வேலி கார்டன்ஸ்

பம்ப் ரூமுக்கு எதுத்தாப்புலயே வேலி கார்டன்ஸ் வாசல். விக்டோரியா ராணியோட 1887 பொன்விழாவ ஒட்டி அமைச்ச பூங்கா. பூ, சின்ன ஓடை, பசங்க வெளையாட எடம், 1933ல தெறந்த சன் பெவிலியன்னு கண்ணாடிக் கூரை மண்டபம் எல்லாம் இருக்கு, ஆனா நெஜமான அதிசயம் மேல் பக்கம் இருக்கிற பாக்ஸ் ஃபீல்டு. ஒரு ஏக்கர் அளவு எடத்துல 36 ஊத்து, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒண்ணுல கந்தகம், ரெண்டடி தள்ளி இன்னொண்ணுல இரும்பு, இன்னொண்ணுல மெக்னீசியம். ஊரு மொத்தத்துக்கும் 88 ஊத்துன்னு கணக்கு. பூமிக்குள்ள பாறை மடிஞ்சு விரிசல் விட்டு நிக்கிறதால ஆழத்துல இருந்து வர்ற உப்புத் தண்ணியும் மேல இருந்து எறங்குற மழைத் தண்ணியும் வேற வேற அளவுல கலந்து வெளிய வருது. பாக்கறதுக்கு மேல மூடிதான் தெரியும், பெருசா எதிர்பாக்காதீங்க, ஆனா நிக்கிற புல்லுக்குக் கீழ இவ்ளோ நடக்குதுன்னு தெரிஞ்சு நின்னா வேற மாதிரி இருக்கும்.

கால்ல தெம்பு இருந்தா பூங்கா மேல் முனைல இருந்து பைன்வுட்ஸ் காட்டு வழியா நடந்து ஹார்லோ கார் தோட்டத்துக்குப் போகலாம், அரை மணி நேர நடை. 1950ல வடக்குப் பகுதித் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சது, 2001ல இருந்து ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி கைல இருக்கு. ஓடைக்கரை ப்ரிமுலா பூ ஜூன் வாக்குல பாக்கணும். செடி கொடில ஆசை இல்லாதவங்களுக்கு நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாத் தோணும், அவங்க விட்டுரலாம்.

படி 5: பெட்டிஸ்ல டீ

சரி, இப்ப டீ. பெட்டிஸ் 1919ல ஃப்ரெட்ரிக் பெல்மாண்ட்ங்கற சுவிட்சர்லாந்துக்காரர் ஆரம்பிச்சது. இங்கிலீஷே சரியாத் தெரியாம வந்து எறங்கி, எந்த ஊருக்குப் போறோம்னே மறந்து, பிராட்ஃபோர்டு ரயில்ல ஏறி யார்க்‌ஷயருக்கு வந்து சேந்தவர்னு கடைக்காரங்களே கதை சொல்லுவாங்க. பெட்டி யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. யார்க்‌ஷயர் தாண்டி ஒரு கிளைகூடத் தெறக்கல, அதுல ஒரு பிடிவாதம். 1962ல டெய்லர்ஸ் டீக் கம்பெனியோட சேந்தாங்க, கடையில பாக்குற யார்க்‌ஷயர் டீ பாக்கெட் இவங்களோடதுதான்.

விலை அதிகம், வரிசையும் நீளம். சனி ஞாயிறு மதியம் போனா நிக்கிறதுலயே பொழுது போயிரும், காலைல தெறந்ததும் போங்க. ஹார்லோ கார் தோட்டத்து வாசல்லயும் இவங்க கடை இருக்கு, அங்க கூட்டம் கொறைவு. ஃபேட் ராஸ்கல்னு ஒரு பன் கேளுங்க, மேல செர்ரியும் பாதாமும் வச்சு முகம் மாதிரி இருக்கும், சூடா வெண்ணெ தடவிச் சாப்பிடணும். முட்டை சேக்காதவங்க கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

செலவு கட்டுப்படியாகாதுன்னா ஒரு வழி சொல்றேன். பார்லிமெண்ட் ஸ்ட்ரீட்ல விண்டர் கார்டன்ஸ்னு வெதர்ஸ்பூன் பப் ஒண்ணு இருக்கு. ராயல் பாத்ஸ்ங்கற பெரிய குளியல் வைத்திய நிலையத்துக்கு வந்தவங்க மழை நாள்ல உலாத்த கட்டின மண்டபம் அது, உயரமான கூரை, ரெண்டு பக்கம் படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கு. பெட்டிஸ்ல ஒரு டீக்குக் குடுக்குற காசுல இங்க வயிறு நெறையச் சாப்பிட்டே பழைய ஸ்பா மண்டபத்துக்குள்ள ஒக்காந்திருக்கலாம்.

படி 6: அகதா கிறிஸ்டி ஒளிஞ்சிருந்த ஹோட்டல்

வேலி கார்டன்ஸ் பக்கத்துலயே ஸ்வான் ரோட்டுல கொடி படர்ந்த பெரிய கட்டடம், ஓல்டு ஸ்வான் ஹோட்டல். 1926 டிசம்பர் 3 ராத்திரி துப்பறியும் நாவல் எழுத்தாளர் அகதா கிறிஸ்டி சன்னிங்டேல்ல இருந்த வீட்ட விட்டுக் கெளம்பிப் போனவங்க காணாமப் போயிட்டாங்க. மறுநாள் சர்ரேல நியூலண்ட்ஸ் கார்னர்ங்கற எடத்துல காரு மட்டும் கெடைச்சுது. நாடே தேடுச்சு, ஆயிரக்கணக்குல ஜனங்க காட்டக் கலச்சாங்க, பேப்பர்ல தெனமும் இதே செய்தி. அந்த அம்மா இங்க, அப்போ ஸ்வான் ஹைட்ரோபதிக்னு பேரு, தெரெசா நீல்னு பேரு குடுத்துட்டு தென்னாப்பிரிக்கால இருந்து வந்தவங்கன்னு சொல்லிக்கிட்டு ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. நீல்ங்கறது புருஷன் பழகிக்கிட்டு இருந்த பொண்ணோட குடும்பப் பேரு. ஹோட்டல் பேண்டுல பாஞ்சோ வாசிச்சவர் அடையாளம் கண்டு போலீசுக்குச் சொல்ல, 14ஆம் தேதி புருஷன் வந்து பாத்தாரு. ஞாபகம் போயிருச்சுன்னு குடும்பத்துல சொன்னாங்க, அவங்க சுயசரிதைல இந்தப் பதினோரு நாளப் பத்தி ஒரு வரிகூட எழுதல. ஞாபக மறதியோ கோவமோ, ஒளிய எடம் தேடுனா தெனமும் புது மூஞ்சிங்க வந்து போற இந்த ஊர விட நல்ல எடம் கெடைச்சிருக்காது. உள்ள போயி ஒரு காபி சாப்பிடலாம், தங்கணும்னு இல்ல.

ஒளிஞ்சு தங்கினவங்க அவங்க மட்டும் இல்ல. 1894ல ரஷ்ய இளவரசர் நிக்கோலஸுக்கு நிச்சயமான அலிக்ஸ் இளவரசி, பின்னாடி ரஷ்யாவோட கடைசி மகாராணி ஆனவங்க, கால் நரம்பு வலிக்கு வைத்தியம் பாக்க வேற பேருல வந்து இங்க ஒரு வாடகை வீட்டுல தங்கினாங்க. அந்த வீட்டுக்காரம்மாவுக்கு அப்ப ரெட்டைப் புள்ள பொறந்துது, புள்ளைங்களுக்கு நிக்கோலஸ், அலிக்ஸ்னே பேரு வச்சு இவங்க ஞானத்தாயா நின்னாங்க. 1911ல ஒரே நேரத்துல மூணு நாட்டு ராணிங்க ஊர்ல இருந்திருக்காங்க. அதான் ஹாரோகேட்டோட உச்சம்.

படி 7: ராயல் ஹால் பக்கம் ஒரு பார்வை

அஞ்சு நிமிஷ நடைல ராயல் ஹால். 1903ல குர்சால்னு ஜெர்மன் பேருல தெறந்து, மொத உலகப் போர் வந்ததும் அந்தப் பேரு வேண்டாம்னு 1918ல மாத்திட்டாங்க. நிகழ்ச்சி இருந்தா டிக்கெட் எடுத்து உள்ள போங்க, தங்க வேலைப்பாடு அப்படி இருக்கும். பக்கத்துல கான்வென்ஷன் சென்டர், 1982 யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்த எடம், 2020 கொரோனா நேரத்துல தற்காலிக ஆஸ்பத்திரியா மாத்துனாங்க. கட்டடம் அழகுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்பா செத்த பொறகு ஊரு பொழச்சது இதாலதான். ரெண்டு போருக்கு நடுவுலயே கூட்டம் கொறைய ஆரம்பிச்சுது, 1948ல எல்லாருக்கும் இலவச மருத்துவம் வந்துருச்சு, மாத்திரை போட்டா சரியாகற மூட்டு வலிக்கு எவன் மூணு வாரம் ரூம் போட்டு நாத்தத் தண்ணி குடிப்பான், 1969ல ராயல் பாத்ஸ் வைத்தியத்த நிறுத்திட்டாங்க. இருந்த பெரிய பெரிய ஹோட்டல வச்சுக்கிட்டு மாநாடு, கண்காட்சின்னு தொழில மாத்திக்கிட்டாங்க.

படி 8: துருக்கிக் குளியல்

இத சாயங்காலத்துக்கு வச்சுக்கங்க. ராயல் பாத்ஸ் 1897ல தெறந்தப்போ நூத்துக்கணக்குல வைத்திய முறை இருந்துது, இப்ப மிஞ்சி ஓடுறது துருக்கிக் குளியல் மட்டும்தான். உள்ள போனதும் கொஞ்ச நேரம் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பீங்க. வண்ணப் பளபளச் செங்கல், குதிரை லாடம் மாதிரி வளைவு, சின்னச் சின்னக் கல்லுப் பதிச்ச தரை, கூரைல ஓவியம். விக்டோரியா காலத்து இந்த மாதிரி குளியல் முழுசா ஓடிக்கிட்டு இருக்கிறது நாட்டுலயே ரொம்ப கம்மி.

முறை இதான். குளிச்சிட்டு மொதல்ல நீராவி அறை. அப்புறம் குளிர்ந்த தொட்டில ஒரு முங்கு, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், சட்டுனு முங்கி எழுந்துருங்க, யோசிச்சா எறங்க மாட்டீங்க. அடுத்து மூணு சூட்டு அறை வரிசையா, டெப்பிடேரியம் வெதுவெதுப்பு, கால்டேரியம் சூடு, கடைசில லகோனியம் பயங்கரச் சூடு. ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம், முடியலன்னா முன்னாடியே வெளிய வாங்க, மறுபடி குளிர் தொட்டி, மறுபடி சூடுன்னு உடம்பு கேக்குற வரைக்கும் சுத்தலாம். கடைசியா ஃப்ரிஜிடேரியம்ங்கற ஓய்வு அறைல கட்டில்ல படுத்துருங்க, பாதிப்பேரு தூங்கிருவாங்க.

நீச்சல் உடை கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. கழுத்துச் செயின், வளையல், தோடு எல்லாம் ரூம்லயே கழட்டி வச்சுருங்க, லகோனியத்துல தங்கம் சூடேறி தோல சுட்டுரும். சாப்பிட்ட ஒடனே போகாதீங்க, நெறைய தண்ணி குடிங்க. இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரக் கேக்காம போகக் கூடாது. சின்னப் பசங்கள விட மாட்டாங்க, அதனால குடும்பமா போனா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பசங்களப் பாத்துக்கிட்டுப் போயிட்டு வாங்க.

ரெண்டாவது நாள் இருந்தா

நேர்ஸ்பரோ, ரயில்ல பத்து நிமிஷம். ஆத்துக்கு மேல 1851ல கட்டின கல் பாலத்துல ரயில் போறப்போ ஜன்னல் பக்கம் இருங்க. அங்க மதர் ஷிப்டன் குகை, குறி சொல்ற கிழவி 1488ல இங்க பொறந்தாங்கன்னு கதை. குகைக்குப் பக்கத்துல தண்ணி வழியுற பாறைல பொம்மை, தொப்பின்னு தொங்க விட்டிருப்பாங்க, தண்ணில இருக்கிற தாது படிஞ்சு படிஞ்சு சில மாசத்துல கல்லா மாறிரும். 1630ல இருந்தே காசு வாங்கிக்கிட்டுக் காட்டுறாங்க, இங்கிலாந்துல டிக்கெட் போட்ட மொத சுற்றுலாத் தலம்னு சொல்லிக்குவாங்க. அங்க அகதா கிறிஸ்டி குடுத்த கைப்பைகூட கல்லாகி மியூசியத்துல இருக்கு. பசங்களுக்கு ஹாரோகேட்ட விட இதுதான் புடிக்கும்.

கார் இருந்தா ஃபவுண்டன்ஸ் ஆபி போங்க, 1132ல துறவிங்க ஆரம்பிச்ச மடம், எட்டாம் ஹென்றி காலத்துல இழுத்து மூடினது, இப்ப இடிஞ்ச நெலைலயும் பிரமாண்டம், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. கார் இல்லன்னா 36ஆம் நம்பர் பஸ்ல ரிப்பன் போயிட்டு அங்க இருந்து வேற பஸ்ல போகலாம், ஆனா அந்த ரெண்டாவது பஸ் எல்லா நாளும் ஓடாது, பாத்துக்கங்க.

கையில அரை நாள்தான் இருக்குன்னா ட்யூவிட்டையும் ராயல் ஹாலையும் விட்டுருங்க, பம்ப் ரூம் மியூசியம், பாக்ஸ் ஃபீல்டு, துருக்கிக் குளியல் இந்த மூணும் போதும், மூணும் பத்து நிமிஷ நடைக்குள்ள இருக்கு. பெட்டிஸ் வரிசைல நிக்காதீங்க, கடைப்பக்கம் தனி வாசல் இருக்கு, ஃபேட் ராஸ்கல் பார்சல் வாங்கிட்டு ரயில்ல சாப்பிட்டுக்கலாம்.